நிறம் பார்க்கத் தெரிந்த மகளுக்கு

கண்ணு,

கோழிகளுக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்தபோது தபால்காரர் உன் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். தவிட்டுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கொட்டகை வாசலிலேயே நின்று படித்தேன். படித்து முடித்ததும் முதலில் வந்தது கோபம்தான். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று உன் அப்பா சொல்வது பொய்யில்லை. "நிறுத்திவிடட்டுமா அம்மா?" என்று கேட்டிருக்கிறாய். எதை நிறுத்துவது? காலையில் எழுந்து விரல் நுனியைக் குத்தி ஒரு துளி இரத்தம் எடுத்து, மாப்பிள்ளை தன் சிங்கப்பூர் நண்பரிடம் சொல்லி வரவழைத்த அந்தச் சின்னப் பட்டையில் வைத்து, அது மாறுகிற நிறத்தைக் கொண்டு சர்க்கரை எவ்வளவு என்று நீயே பார்த்துக்கொள்கிறாயே, அதை. டாக்டரம்மா பார்க்கச் சொல்கிறார். வயிற்றில் ஆறு மாதப் பிள்ளை. ஆனால் உன் அத்தைக்கு, மாப்பிள்ளையைப் பெற்றவருக்கு, மனம் ஒப்பவில்லை. காலையில் விளக்கேற்றுகிற நேரத்தில் பிள்ளைத்தாச்சி இரத்தம் சிந்துவது வீட்டுக்கு ஆகாது என்று கண்ணைக் கசக்குகிறார். மாப்பிள்ளை பாவம், மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. நான் ஒரு வார்த்தை சொன்னால் விட்டுவிடுவதாக எழுதியிருக்கிறாய்.

சொல்கிறேன். ஆனால் ஒரு வார்த்தையில் சொல்லி முடிக்கிறவளா நான்? நீயும் படிக்க வேண்டியதுதான். மத்தியானம் காலை நீட்டி உட்கார்ந்து படி. உன் அத்தையைப் பற்றியும் ஒரு சேதி இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முன்னாலேயே புரட்டிப் பார்க்காதே.

உனக்குப் பத்து வயதில் இந்த வியாதி வந்தது. செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தாய். ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து வெளியே போனாய். நீ போன இடத்தில் காலையில் எறும்பு மொய்த்துக் கிடந்தது. எனக்கு அதன் அர்த்தம் தெரியவில்லை, எறும்புப் பொடிதான் தூவினேன். கன்னம் ஒட்டி, பாவாடை இடுப்பில் நிற்காமல் நழுவ ஆரம்பித்த பிறகுதான் சேலத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அஸ்தம்பட்டியில் அந்தப் பெரிய டாக்டர் சர்க்கரை என்றார். உன் அப்பா நம்பவே இல்லை. "சக்கரை வவுறு பெருத்த பணக்காரங்களுக்கு வாறதுங்க. இது குருவியாட்ட இருக்குதுங்களே," என்றார். டாக்டர் சிரிக்கவில்லை. இந்தப் பிள்ளைக்கு ஆயுசு முழுக்கத் தினமும் ஊசி போட வேண்டும், போட்டால் நன்றாக இருப்பாள் என்றார்.

ஊசி எனக்குப் புதிதா என்ன? பண்ணை வைத்த நாள் முதலாக வெள்ளைக்கழிச்சல் வராமல் இருக்க, குஞ்சுகளுக்குக் கூடை கூடையாக ஊசி போட்டவள் நான். இடது கையில் குஞ்சு, வலது கையில் ஊசி, வாயில் வெற்றிலை, பக்கத்தில் ஊர்க்கதை. ஆனால் உன் தொடையை இரண்டு விரலால் பிடித்துவிட்டு, குத்தாமலே விட்டுவிடுவேன். கண்ணாடி ஊசியைக் கொதிக்க வைத்து எடுத்து ஆறவிட்டால், உன் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பக் கொதிக்க வைக்கப் போய்விடுவேன். நீதான் சொன்னாய், "கோழிக்கிப் போடற மாதிரியே போடும்மா. நா அதவுடக் கம்மியாத்தாங் கத்துவேன்." சொன்னபடியே கத்தாமல் இருந்தாய். இரண்டு மழைக்காலம் தாண்டுவதற்குள் ஊசியையும் என் கையிலிருந்து நீயே வாங்கிக்கொண்டாய்.

அப்போது விரலைக் குத்திப் பார்க்கிற வசதியெல்லாம் நம் பக்கத்தில் யாரும் கேள்விப்பட்டதில்லை. மூத்திரத்தில்தான் பார்க்க வேண்டும். கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, அதில் சில சொட்டு மூத்திரத்தை விட்டு, சாராய விளக்கில் கொதிக்க விடுவோம். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். அப்புறம் மஞ்சள், ஆரஞ்சு. செங்கல் நிறத்துக்குப் போனால் ஏகப்பட்டது என்று அர்த்தம். பெரிய டாக்டர் அதைக்கூட வீட்டில் பார்க்க வேண்டாம் என்றுதான் சொன்னார். "பாக்க ஆரம்பிச்சா பயந்தாம்மா மிச்சம். ஆளாளுக்கு மருந்தைக் கூட்டுவீங்க, கொறைப்பீங்க. மாசம் ஒரு தடவை இங்க வந்தாப் போதும்," என்றார். நம்பிக்கையான ஆள்தான் அவர். ஆனால் இந்த மாதத்துக்கும் அடுத்த மாதத்துக்கும் நடுவில் எத்தனை வேளைச் சோறு! நான் அவர் பேச்சைக் கேட்கவில்லை. கம்பவுண்டரைக் கெஞ்சி, குழாயும் மருந்தும் வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.

அவர் சொன்னதிலும் உண்மை இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். அந்தக் குழாய் வீட்டுக்கு வந்ததும் நான் போலீஸ்காரியாகிவிட்டேன். நீலம் வந்த நாளில் உனக்குத் தலைவாரிப் பூ வைப்பேன். செங்கல் வந்த நாளில், "என்னத்தடி தின்ன? யாரு குடுத்தா?" என்று விசாரணை. நீ ஒன்றும் தின்றிருக்க மாட்டாய். காய்ச்சல் வந்தாலும் ஏறும், பயந்தாலும் ஏறும் என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. செங்கலைப் பார்த்தால் உலையை இறக்கி வைத்துவிட்டு அழுவேன். உன் அப்பா சாப்பிடாமல் காட்டுக்குப் போய்விடுவார். அதன் பிறகு இரண்டு மூன்று நாள் தொடர்ந்து பளிச்சென்று நீலமாக வந்தது. நான் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைப்பதாக வேண்டிக்கொண்டேன். அன்று சாயங்காலம் நீ கிணற்றடியில் வந்து என் பக்கத்தில் நின்றாய்.

"அம்மா, நா காச்சுனது மூத்திரமில்ல. கெணத்துத் தண்ணி."

எனக்குக் கை ஓங்கிவிட்டது. நீ நகரவில்லை. "நீ சிரிக்கோணும்னுதான் அப்படிப் பண்ணுனேன். ஆனா எனக்குத் தாகமா இருக்குது, கால் வலிக்குது. இனிமே நானே பாத்துக்கறேன். நீ கலரப் பாத்து என்னையத் திட்டற. நா கலரப் பாத்து ஊசியத்தானே பாக்கோணும்?"

ஓங்கின கை எப்படி இறங்கியது என்று நினைவில்லை. பதினொரு வயதுப் பிள்ளை பேசுகிற பேச்சா அது? அன்றைக்கே குழாயையும் விளக்கையும் உன்னிடம் கொடுத்துவிட்டேன். நிறம் என்னவென்று நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்வது, சொல்லாவிட்டால் கேட்பதில்லை, எந்த நிறமாக இருந்தாலும் சாப்பாட்டு நேரத்தில் அதைப் பற்றிப் பேசுவதில்லை என்று நமக்குள் பேச்சு. நாக்கைக் கடித்துக்கொண்டு கிடந்த நாள்கள் எனக்குத்தான் தெரியும். ஆனால் அதன் பிறகு நீ ஒரு நாள்கூட எனக்குப் பொய் நிறம் சொல்லவில்லை. செங்கல் என்றால் செங்கல் என்பாய். அடுத்து என்ன செய்யலாம் என்று யோசிப்பாய். பள்ளிக்கூடத்துக்கு மைல் கணக்கில் நடக்கிற நாளில் இறங்குகிறது, லீவு நாளில் ஏறுகிறது என்று நீயாகக் கண்டுபிடித்து என்னிடம் சொன்னபோது, என் வயிற்றில் பிறந்ததா இது என்று எனக்கே ஆச்சரியம். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான்.

மாரியம்மன் நோம்பியில் நடந்ததை நீ எப்படி நினைவில் வைத்திருக்கிறாயோ தெரியாது. உனக்கு அன்று பாதி நேரம் நினைவே இல்லை. நான் பார்த்ததைச் சொல்கிறேன். உனக்குப் பதின்மூன்று வயது. தீர்த்தக்குடம் எடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாய். காலையில் குழாயில் சுத்தமான நீலம். வழக்கம்போல ஊசி போட்டுக்கொண்டாய். சாப்பிட்டுவிட்டுப் போகிறேன் என்றாய். நான்தான், "நீலமாத்தான் இருக்குதல்ல, ஆத்தாளுக்கு ஒருசந்தி இருந்து எடுத்துட்டு வா. வந்து சாப்புட்டுக்கலாம்," என்றேன். எனக்கு நீலம் என்றால் நல்லது. அதற்கு மேல் நல்லது ஏது?

தீர்த்தம் கிளம்பவே வெயில் ஏறிவிட்டது. கோயில் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது பம்பையும் உடுக்கையும் காதைப் பிளந்தன. குடத்தை இறக்கி வைத்தாய். உன் கை கால் நடுங்க ஆரம்பித்தது. உடம்பெல்லாம் வியர்வை. கண் எங்கேயோ பார்த்தது. ஏதோ உளறினாய், என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாய். பெற்றவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற பிள்ளையா நீ? "ஆத்தா வந்துட்டாடி!" என்று ஒருத்தி கத்தினாள். அவ்வளவுதான். குலவை. தலையில் மஞ்சள் தண்ணீர். கையில் வேப்பிலை. பம்பைக்காரர் உன் பக்கமாகத் திரும்பி இன்னும் வேகமாக அடித்தார். ஊரில் பெரிய தோட்டத்துக்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உன் முன்னால் குனிந்து, "மழ எப்பத் தாயி குடுப்ப?" என்று கேட்டார். அந்த வருஷம் கிணறெல்லாம் வற்றிக் கிடந்தது. நானும் கும்பிட்டேன் கண்ணு. நம் வீட்டுப் பிள்ளை மேல் ஆத்தா இறங்கிவிட்டாள், இனி வியாதி போய்விடும் என்று கண்ணீர் விட்டுக் கும்பிட்டேன்.

நீ கும்பிடுகிறவர்களைப் பார்க்கவில்லை. வரிசையாக வைத்திருந்த மாவிளக்குத் தட்டுகளைப் பார்த்தாய். மண்டி போட்டுப் போய் ஒரு தட்டிலிருந்து வெல்லமும் பச்சரிசி மாவுமாக ஒரு கை அள்ளினாய். திரி எரிந்துகொண்டிருந்தது, இன்னும் பூசை ஆகவில்லை. வாயில் போட்டு விழுங்கினாய். இன்னொரு கை. கூட்டத்துக்கு மெய் சிலிர்த்துவிட்டது. "ஆத்தாளே எடுத்துத் திங்கறா!" என்று பூசாரி கற்பூரத்தைக் கொளுத்தினார். கொஞ்ச நேரம் கழிந்தது. உன் நடுக்கம் குறைந்தது. முகத்தில் வழிந்த மஞ்சள் தண்ணீரைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாய். பெரிய தோட்டத்துக்காரர் இன்னமும் கைகட்டி நின்றார்.

"ஆத்தா இல்லீங்க. நாந்தானுங்க," என்றாய். "எனக்குச் சக்கரை எறங்கிருச்சுங்க, அதான் மாவத் தின்னேன். மழ எப்ப வருமுன்னு எனக்குத் தெரியாதுங்க."

பம்பை நின்றது. அன்று நீ பேசாமல் இருந்திருந்தால், ஊரே நம் வீட்டு வாசலில் வந்து குறி கேட்டிருக்கும். எத்தனை பெரியவர்கள் அந்த ஆசையில் வழுக்கி விழுந்ததைப் பார்த்திருக்கிறேன்! பாதி உயிர் திரும்பாத நேரத்திலும் உனக்குப் பொய் வரவில்லை. பூசாரிக்குத்தான் முகம் கறுத்துவிட்டது. "படையல எச்சிப் பண்ணிட்டியே அம்மிணி," என்று சத்தம் போட்டார். வருஷத்துக்கு நாலு வார்த்தை பேசுகிற உன் அப்பா, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து உன்னைத் தூக்கி நிறுத்தினார். "எம் புள்ள பசிச்சுத் தின்னா. ஆத்தாளுக்குப் புள்ள பசி தெரியாதுங்களா?" என்றார். நான் வீட்டுக்கு ஓடி வேறு மாவு இடித்துக்கொண்டு வந்து வைத்தேன். ஊர் பேசத்தான் செய்தது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

அன்று சாயங்காலம் நீ கட்டிலில் படுத்துக்கொண்டு மோட்டுவளையைப் பார்த்தபடி சொன்னது எனக்கு இன்றும் அப்படியே கேட்கிறது. "அம்மா, நீலமுன்னா மூத்திரத்துல சக்கரை இல்லீன்னுதான் அர்த்தம். ஒடம்புல போதுமான அளவு இருக்குதா, ரொம்ப எறங்கிப் போச்சான்னு அது சொல்லாது. நீலத்தப் பாத்து நாம ஏமாந்துட்டோம். கையி நடுங்கறதையும் நாம பாத்திருக்கோணும்." அடுத்த மாதம் சேலத்தில் டாக்டரிடமும் இதையே சொன்னாய். வீட்டில் பார்க்கக் கூடாது என்ற அதே டாக்டரிடம். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டு உன்னையே பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "அடுத்த தடவை நீங்க வெளிய உக்காருங்கம்மா. நான் இவகிட்டப் பேசிக்கறேன்," என்றார். எனக்குச் சுருக்கென்றது. பஸ்ஸில் ராசிபுரம் வரும்வரை உன்னோடு பேசவில்லை. ராசிபுரம் தாண்டியதும் பக்கத்து சீட்டு அம்மாளிடம் நானாகவே பேச்சுக் கொடுத்து, "டாக்டரு எம் புள்ளகிட்டத்தான் பேசுவாராமா," என்று சொல்லிக்கொண்டு வந்தேன்.

பெண் பார்க்க வந்தபோதும் இப்படித்தான். மறைத்துவிடலாம், தாலி ஏறிய பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். நீ காப்பித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "எனக்குச் சக்கரைங்க. தெனமும் ஊசி போட்டுக்குவேன். அளவு நானே பாத்துக்குவேன். அதுக்கு ஒத்துக்கறவங்களத்தான் கட்டிக்குவேன்," என்று எல்லார் முன்னாலும் சொன்னாய். மாப்பிள்ளை என்ன கேட்டார், நினைவிருக்கிறதா? "எப்படிப் பாப்பீங்க? காட்டுங்க," என்றார். அந்த ஒரு கேள்விக்காகவே அவருக்கு நான் எத்தனை தலைவாழை இலை வேண்டுமானாலும் போடுவேன்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். டாக்டரம்மா சொல்கிறபடி மருந்தைப் போடு. உன் இஷ்டத்துக்குக் கூட்டாதே, குறைக்காதே, சந்தேகம் வந்தால் அவரையே கேள். ஆனால் பார்க்கிறது நீ. வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு ஏறினாலும் கெடுதல், இறங்கினாலும் கெடுதல் என்கிறார்கள். அது மாதம் ஒரு தடவை ஆஸ்பத்திரி வாசலில் வரிசையில் நின்று தெரிந்துகொள்கிற சங்கதி இல்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பட்டை காட்டுகிற நிறத்தைப் பரீட்சை மார்க்காக நினைத்து மனதை வருத்திக்கொள்ளாதே. உன்னை அப்படி வருத்தியவள் நான்தான். சர்க்கரை அதிகமாக வந்த நாளிலும் நீ கெட்டிக்காரிதான். ஒரு நாள் பார்க்க அலுப்பாக இருந்தால் மாப்பிள்ளையிடம் கையை நீட்டு, அவர் பார்க்கட்டும். ஏழாம் மாதக் கட்டுச்சோறு விருந்துக்கு அடுத்த மாதம் நாங்கள் வருகிறோம். ஏழு வகைச் சோறும் கொண்டு வருவேன், எதில் எவ்வளவு சாப்பிடலாம் என்று நீ சொல்கிறாயோ அவ்வளவுதான் உன் இலையில் விழும். யாராவது, "இன்னிக்கு ஒரு நாளு தின்னா ஒண்ணும் ஆகாது கண்ணு," என்று லட்டை நீட்டினால் என்னைக் கூப்பிடு.

இனி உன் அத்தையைப் பற்றிய சேதி. ராசிபுரத்துக்கு நெய் வாங்கப் போகிறேன் என்று இன்று காலை உன்னிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார் அல்லவா? நெய் வாங்கவில்லை. ராசிபுரத்தில் பஸ் மாறி நேராக நம் பண்ணைக்கு வந்துவிட்டார். வெயிலில் நடந்து வந்து, மோர் கொடுத்தால் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். எடுத்த எடுப்பிலேயே, "ஏனுங்க சம்பந்தி, நீங்களாவது சொல்லப்படாதுங்களா? வெள்ளிக்கெழமையும் அதுவுமா, வவுத்துப் புள்ளக்காரி வெரலக் குத்திக்கறாளே. எனக்கு ஈரக்கொலையே நடுங்குதுங்க," என்றார். சண்டைக்கு வரவில்லை கண்ணு. பயந்துபோய் வந்திருந்தார். அவருடைய முதல் பிள்ளை தங்கவில்லையாம். உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. உன்னிடம் சொன்னால் நீ பயப்படுவாய் என்று சொல்லவில்லையாம். அதைக் கேட்டதும் என் கோபமெல்லாம் இருந்த இடம் தெரியவில்லை.

மாவிளக்கு மாவை நீ அள்ளித் தின்ற கதையைச் சொன்னேன். கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சியதையும் விடவில்லை. சிரித்தார், அழுதார், மோரையும் குடித்து முடித்தார். செம்பைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "அந்தப் பட்டை என்ன நெறத்துக்குப் போனா நாம பயப்படோணுமுங்க? எனக்குச் சொல்லிக் குடுங்க. நா தெனமும் பக்கத்துலயே நின்னு பாத்துக்கறேன்."

பதில் என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பட்டை டப்பாவில் ஒட்டியிருக்கிற நிறங்களைப் போன தடவை வந்தபோதே நான் மனப்பாடம் செய்துவிட்டேன், உனக்குத் தெரியாது. சொல்லியிருந்தால் உன் வீட்டில் இன்னொரு போலீஸ்காரி நின்றிருப்பாள்.

"எனக்குத் தெரியாதுங்க சம்பந்தி. அத அவகிட்டத்தான் கேக்கோணும்," என்றேன்.

"கேட்டாச் சொல்லுவாளுங்களா?"

"நீங்க கேட்டாச் சொல்லுவாளுங்க."

சாயங்கால பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் அவர் கேட்டிருந்தாலும் கேட்டிருப்பார். பொறுமையாகச் சொல்லிக் கொடு. ஆனால் நிறுத்திவிடட்டுமா என்று மட்டும் இனி யாரையும் கேட்காதே, என்னையும்தான்.

உன் அம்மா